பரோலோவா, பார்பரெஸ்கோவா?

பரோலோ அரசன், பார்பரெஸ்கோ அரசி என்று ஒயின் பிரியர்கள் சொல்வதுண்டு. கேட்க அழகாக இருக்கிறது. புட்டி வாங்கப் போகிறவருக்குத்தான் அதனால் பயன் குறைவு.

இரண்டும் இத்தாலியின் பியமோன்தே பகுதியில், ஆல்பா நகரை ஒட்டிய குன்றுகளில் விளையும் சிவப்பு ஒயின்கள். திராட்சையும் ஒன்றே: நெபியோலோ. வேறு எதையும் கலக்கச் சட்டம் இடம் தருவதில்லை. நாட்டின் உச்சத் தரச்சான்றும் இரண்டுக்கும் 1980இல் கிடைத்தது. பரோலோவைக் குறைந்தது 38 மாதம் முதிர வைக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், பீப்பாயில் 9.

நெபியோலோ நிறத்தில் ஆளை ஏமாற்றும். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து அச்சடித்த தாளுக்கு மேலே பிடித்தால், ஒயினின் ஓரத்தின் வழியே எழுத்துகளைப் படித்துவிடலாம். அந்த ஓரம் செங்கல் நிறத்துக்கு நெருங்கியிருக்கும். இவ்வளவு வெளிறியதில் என்ன வலு இருக்கப்போகிறது என்று ஒரு மடக்கு குடித்தால், துவர்ப்பு ஈறைப் பிடித்துக்கொள்ளும். அறுசுவையில் துவர்ப்புக்கு இடம் தந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். செங்காய் நாவலைக் கடித்த நாக்கே சாட்சி. மூக்குக்கு எட்டுவது ரோஜாவும், கூடவே சாலை போடும் தாரும். விசித்திரமான ஜோடிதான்.

பார்பரெஸ்கோ விளையும் இடம் தனாரோ ஆற்றுக்கு அருகில் இருப்பதால் கொஞ்சம் வெப்பம் கூடுதல். பழம் முன்னதாகக் கனியும், துவர்ப்பும் சீக்கிரம் இணங்கிவரும். பரோலோ அப்படி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எந்தப் பரோலோ? செர்ராலுங்கா, மோன்ஃபோர்ட்டே ஊர்களின் பழைய மணற்கல் மண்ணில் விளைந்தது பத்து ஆண்டுகள் கழித்தும் முரண்டு பிடிக்கலாம். லா மோர்ராவின் சுண்ணாம்புக் களிமண்ணில் விளைந்ததோ இளமையிலேயே மணம் வீசும், சில பார்பரெஸ்கோக்களைவிட மென்மையாகவே. ஆகவே நான் முதலில் பார்ப்பது ஊர்ப்பெயரைத்தான்.

விலையில் பார்பரெஸ்கோ பெரும்பாலும் சற்று மலிவு. இந்த ஆண்டே திறக்க வேண்டுமென்றால் என் கை அதற்குத்தான் போகும். குழந்தை பிறந்த ஆண்டில் வாங்கி அதன் திருமணத்துக்குத் திறக்க ஆசைப்படுகிறவர் செர்ராலுங்கா பரோலோவை எடுக்கட்டும். அன்றைக்குத் திறக்கும்போது மட்டும் அவசரம் கூடாது: வண்டல் அடியில் இறங்க, முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும்.