ஷெல்லில் தமிழ் லொகேல்: நான்கு வருடப் பாவனை

மட்டக்களப்புக் கூத்துக் கொப்பிகளைப் படமெடுத்துச் சேமித்து வருகிறேன். படுவான்கரை ஊரின் பெயர், கூத்து வகை வடமோடியா தென்மோடியா, ஆட்டுவித்த அண்ணாவியார் யார் என்ற விபரமெல்லாம் கோப்பின் பெயரிலேயே தமிழில் இருக்கும். நான்கு வருடமாக டெபியன் லினக்ஸின் ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் இடத்தில்தான் இவற்றைக் கையாளுகிறேன். எந்த மொழி, எந்த எழுத்துமுறை, எந்த அகரவரிசை என்று கணினிக்குச் சொல்லும் அமைப்புத்தான் லொகேல்.

லொகேல்.ஜென் கோப்பில் இலங்கைத் தமிழுக்கான டிஏ_எல்கே யூடிஎப்-8 வரியின் முன்னிருந்த # குறியை நீக்கி, லொகேலை உருவாக்கி, எந்த லொகேல் என்று சொல்லும் லாங் மாறியில் அதையே வைத்தேன். பிழைச் செய்திகள் மட்டும் ஆங்கிலத்தில் வரட்டும் என்று செய்திகளின் மொழிக்கான எல்சி_மெசேஜஸ் மாறியை, கணினியின் அடிப்படை லொகேலான சி ஆக்கினேன். தமிழில் வந்த செய்தியைத் தேடி விடை காண்பது கடினம்.

அதிகம் பயன்பட்டது அகரவரிசை. சி லொகேலில் யூனிகோட் எண்ணின்படி அடுக்கும். அதில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. அதனால் மனம் முன்னே, மயில் பின்னே. தமிழ் லொகேலில் மயில் முதலில் வரும், ன கடைசிக்குப் போகும். பட்டியலைக் கையால் திருத்திய காலம் போயிற்று. இதற்காகவே இந்த அமைப்பை யாருக்கும் சொல்வேன்.

ஒருநாள் பயந்தே போனேன். வாடகைச் சேர்வருக்கு, தூரக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் மூலம் போய், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால், பெயர்கள் இருந்த இடமெல்லாம் 340, 256 என்ற எண்கள். கொப்பிகள் போய்விட்டன என்றே நினைத்தேன். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஸ்எஸ்எச் என் லாங் மதிப்பை அங்கே கொண்டுபோனது, அங்கே அந்த லொகேல் உருவாக்கப்படவில்லை, அதனால் ஷெல் சி-க்கு இறங்கிவிட்டது. தமிழ் எழுத்தின் பைட்டுகளைத்தான் எட்டடி எண்முறையில் காட்டியிருக்கிறது. அங்கும் லொகேலை உருவாக்கும் லொகேல்-ஜென் கட்டளையை ஓட்டியதும் சரி. அந்த நேரம் பெயர்களை மாற்றாமல் விட்டது நல்லதாயிற்று.

எல்சி_ஆல் மாறியை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதாதீர்கள். அது மற்ற எல்லாவற்றையும் மிதித்துவிடும், எல்சி_மெசேஜஸ் உட்பட.

அப்புறம், நீளப் பெயர். மட்டக்களப்பு நமக்கு 8 எழுத்து. யூனிகோடில் 12 குறி, வட்டில் 36 பைட். என் வட்டின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட்தான் தரும், அதாவது 85 தமிழ்க் குறிகள். ஊரையும் ஆட்டத்தையும் பெயரில் வைத்து, மீதியைத் தனிக் கோப்புக்கு மாற்றினேன்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பிரதிகளுக்கு லொகேல் உதவாது. அவை எழுத்துருவில் மட்டும் தமிழ். உள்ளே ஆங்கில எழுத்துகள். அவற்றை இன்னும் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.