பாகாயமா, கே.கே. நகரா, வீட்டுக்கு வரும் பிசியோவா?

பக்கவாதமோ தண்டுவடக் காயமோ வந்து ஆபரேஷன், ஐ.சி.யூ. எல்லாம் முடிந்தபின் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்து யாரிடம் போவது என்பது அதில் இருக்காது. அந்த நேரத்தில் தேட வேண்டியது பிஎம்ஆர் (பிசிகல் மெடிசின் அண்ட் ரீஹேபிலிடேஷன்) டாக்டரை. எம்.பி.பி.எஸ். முடித்து, மறுவாழ்வு மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர். பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் எந்த நோயாளியும் எழுந்து நடக்க முடியாது, ஆனால் இறுகிப்போன கைக்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடுவதும், மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதும், சிறுநீர்ப்பையைக் கவனிப்பதும் டாக்டர் வேலை.

தண்டுவடத்தில் அடிபட்டவர் என்றால் என் ஓட்டு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்துக்குத்தான். அங்கே 1966 முதல் இந்த வேலை நடக்கிறது. அதற்கு அடித்தளமிட்ட டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு உடற்பயிற்சியைவிட முதலில் உயிரைக் காப்பது வேறு சில பழக்கங்கள்: சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கதீட்டர் (மெல்லிய குழாய்) போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவது, படுக்கையில் இரண்டு மணிக்கொருமுறை புரண்டு படுப்பது, கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வருகிறதா என்று அறிய தினமும் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதையெல்லாம் ஓ.பி.யில் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது, உள்நோயாளியாகத் தங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும், கூட இருப்பவரும் கற்க வேண்டும். சிரமமும் அதில்தான். படுக்கைக்குக் காத்திருக்க நேரிடலாம், வாரக்கணக்கில் தங்க வேண்டும், வீட்டில் ஒருவரின் சம்பளம் போகும். அப்படியும் போங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் ஒரு படுக்கைப்புண் ஆழமாகிவிட்டால் ஆற மாதங்கள் ஆகும்.

கால் எடுக்கப்பட்டவருக்கு, போலியோவில் காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) போடுபவருக்கு, செலவு செய்ய வழியில்லாதவருக்கு சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை நல்ல இடம். செயற்கைக்கால் அங்கேயே அளவெடுத்துச் செய்கிறார்கள், டாக்டரும் அங்கேயே இருக்கிறார். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். சென்னைக்கு வர முடியாதவர்கள் முதலில் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் பிஎம்ஆர் ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரியுங்கள், பல கல்லூரிகளில் அந்தத் துறை உண்டு. தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது.

தனியார் பெரிய மருத்துவமனை வேகமானது, பேச்சுப் பயிற்சியும் நியூரோ டாக்டரும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். காசு மட்டும் கரைந்துகொண்டே போகும். ஓ.பி. பிசியோவுக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். 'ரீஹேப் சென்டர்' என்று போர்டு வைத்த சில இடங்களில் பிஎம்ஆர் டாக்டரே இருப்பதில்லை, அதையும் பாருங்கள்.

வீட்டுக்கு வரும் பிசியோ, பக்கவாதம் வந்து ஓரளவு நிற்கத் தொடங்கியவருக்குப் போதும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் இது இலவசமாகவே கிடைக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் சரி. ஆனால் தோள் நழுவி வலிக்கிறது, விரல்கள் மடங்கி விரிய மறுக்கின்றன என்றால் பயிற்சியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம், அந்தக் காலத்தை எது சிறந்தது என்று விசாரிப்பதிலேயே கழித்துவிடக் கூடாது. வேலூரில் இடம் கிடைக்கும்வரை உள்ளூர் பிசியோ நடக்கட்டும்.

எங்கே போன் செய்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எம்.டி. பிஎம்ஆர் டாக்டர் தினமும் வார்டுக்கு வருவாரா? கதீட்டர் பழக்கிவிடுவீர்களா? வீட்டுக்குப் போனபின் சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது?