மாதிரிப் பள்ளியா, திரை வகுப்பா, காலை வகுப்பா? எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: “நம்ம புள்ளைங்க பாஸ் பண்ணிடுதுங்க சார். அதுக்கு மேல இங்க என்ன இருக்கு? நல்லாப் படிக்கிற புள்ளைய எங்க கொண்டுபோயி விடுறது?” தலைமையாசிரியரிடம் பதில் இல்லை. குழுவில் இருந்த எங்களிடமும் இல்லை. பிறகு ஒரு மாதம் பேசிப் பேசி மூன்று வழிகளைப் பிடித்தோம்: நன்றாகப் படிக்கிற பிள்ளையை அரசின் மாதிரிப் பள்ளிக்கு அனுப்புவது, வீடியோ பார்த்துப் படிக்கிற திரை வகுப்பு, நம் பள்ளியிலேயே ஆசிரியர் கூடுதலாக எடுக்கிற வகுப்பு. இன்று நடப்பது காலை வகுப்பு. அதற்காக நானும் கை தூக்கியவன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போவதை ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அது 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாறினால் அது கையை விட்டுப் போகும். இதை அறியாமல் மாற்றிவிட்டுப் பிறகு வருந்திய பெற்றோர் எங்கள் தெருவிலேயே உண்டு.

மாதிரிப் பள்ளிக்கு வருகிறேன். 2021-22-இல் 10 மாவட்டங்களில் தொடங்கி இப்போது 38 மாவட்டங்களிலும் இருக்கிறது. தங்கிப் படிக்கலாம், செலவு அரசுடையது. சுற்றி இருப்பதெல்லாம் படிக்கத் துடிக்கிற பிள்ளைகள், அதுவே பெரிய பலம். உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் இரண்டாவது யோசனை வேண்டாம், அனுப்புங்கள். எங்கள் ஊரிலிருந்து போனது இரண்டே பேர். ஒருத்தி நன்றாக இருக்கிறாள், ஒருவன் வீட்டு ஏக்கத்தில் மூன்றாம் மாதம் திரும்பிவிட்டான். இரண்டு பேரை வைத்து ஒரு திட்டத்தை எடைபோடக் கூடாது.

ஆனால் அந்த அம்மா கேட்டது பள்ளிக்கூடத்துக்கான கேள்வி. நன்றாகப் படிக்கிற இரண்டு பேரை அனுப்பிவிட்டால் மீதி நாற்பது பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்கிற இரண்டு குரலும் போய்விடுகிறது.

அடுத்து திரை வகுப்பு. ஒரு நிறுவனம் வந்தது. நன்கொடையாளர் ஒருவர் முதல் வருஷப் பணம் கட்டினார். ஹைடெக் லேபில் உட்கார்ந்து வீடியோ பார்த்து, கணினியிலேயே தேர்வு எழுதவேண்டும். பாடங்கள் தரமானவை, அதில் குறை சொல்ல முடியாது. ஆடி, ஆவணியில் உட்கார இடமில்லை. ஐப்பசி மழையில் மின்சாரமும் நெட்டும் மாறிமாறிப் போயின. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் ஒரு கணக்கில் சிக்கிக்கொண்ட பிள்ளை வீடியோவைப் பின்னால் இழுத்து அதே வரியை நான்கு தடவை கேட்கும், அந்த ஆசிரியரோ நான்கு தடவையும் அதையேதான் சொல்வார். இரண்டாம் வருஷம் சந்தா கட்ட ஆள் இல்லை, பாஸ்வேர்டும் செத்துப்போனது.

காலை வகுப்பை முதலில் மாலை வகுப்பாகத்தான் தொடங்கினோம். கடைசி டவுன் பஸ் 5.40-க்கு. ஐந்து மணி ஆனாலே பெண் பிள்ளைகளின் கண் வாசலுக்குப் போய்விடும். இரண்டு வாரத்தில் நேரத்தைக் காலை 7.50-க்கு மாற்றினோம். மூன்று நாள் கணக்கு, இரண்டு நாள் அறிவியல். சுண்டலும் டீயும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் விருப்பப்பட்ட யாரும் வரலாம், நுழைவுத் தேர்வு கிடையாது.

புதுப் புத்தகம் எதுவும் வாங்கவில்லை. 2018-19-இல் மாறத் தொடங்கிய நம் பாடநூல்களிலேயே வேண்டிய கடினம் இருக்கிறது, நாம்தான் பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து நடுவில் இருப்பதைத் தாண்டிப் போகிறோம். பிளஸ் ஒன் மாணவர்களுக்கான முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் ஜெயித்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதன் கேள்விகளும் 9, 10-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் வருகின்றன.

ஒரு காலை நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு டீச்சர் போர்டில் எழுதினார்: ஒரு முழு எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் வரும் விடை எப்போதும் 6-ஆல் வகுபடும். பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். 2-க்கு 6, 3-க்கு 24, 4-க்கு 60. “ஆமா டீச்சர், வகுபடுது.” டீச்சர் கேட்டார், “ஏன்?” யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் ஒரு பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 4, 5, 6 மூன்றையும் பெருக்கினால் 120, 5-க்கு வந்த விடையும் 120. “அடுத்தடுத்த மூணு எண்ணோட பெருக்கல்தான் டீச்சர் இது. மூணுல ஒண்ணு கட்டாயம் இரட்டைப்படை, ஒண்ணு மூணால வகுபடும்.” அந்த நோட்டுக்கு நாங்கள் ‘ஏன் நோட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் எதிரில் காரணம் எழுதவேண்டும். விடை தப்பானாலும் பரவாயில்லை, காரணம் காலியாக இருக்கக் கூடாது.

எந்த ஊர்க்காரர் வந்து கேட்டாலும் நான் அதிக நேரம் பேசுவது, இதை நடத்திக்கொண்டு போவது எப்படி என்பதைத்தான். தொடங்குவது பெரிய காரியமில்லை. இரண்டாம் வருஷம் மாறுதல் கலந்தாய்வில் எங்கள் கணக்கு டீச்சருக்குச் சொந்த மாவட்டம் கிடைத்தது. நியாயமான மாறுதல், ஆறு வருஷமாகக் காத்திருந்தவர். வகுப்பு ஏழு வாரம் நின்றது. காலியிடத்துக்குத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர் வந்தார். நல்லவர், ஆனால் அவருக்கு அன்றாடப் பாடத்தை முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. பாதிப் பிள்ளைகள் அந்த ஏழு வாரத்தில் விட்டுப்போனார்கள், திரும்ப வரவேயில்லை. அவர்களில் ஒருவனை இப்போதும் கடைத்தெருவில் பார்க்கிறேன், அப்போதெல்லாம் மனது சங்கடப்படுகிறது.

கடைமடைக்காரனுக்கு இது புரியவேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் நம் வாய்க்காலைத் தூர்வாரியிருந்தால்தான் நம் வயலுக்குத் தண்ணீர். போன வருஷம் வாரினோமே என்று இந்த வருஷம் சும்மா இருக்க முடியாது.

அதற்குப் பிறகு ஒரு பாடத்துக்கு இரண்டு பேர் என்று வைத்தோம். ஒருவர் பள்ளி ஆசிரியர், இன்னொருவர் ஊரிலேயே இருக்கிற பட்டதாரி. மாறுதல் வந்தால் ஒருவர் போவார், ஒருவர் இருப்பார். ஊர்க்காரருக்கு மாதம் 4,000 ரூபாய், வெளிநாட்டில் இருக்கிற முன்னாள் மாணவர்கள் அனுப்புகிறார்கள். அன்றன்று நடந்த கணக்கு, பிள்ளைகள் சிக்கிய இடம் எல்லாம் ஒரு பெரிய நோட்டில் எழுதப்பட்டு அலமாரியிலேயே இருக்கும். புதிதாக வருபவர் அதைப் புரட்டினால் போதும். கடினமான பாடத்தையெல்லாம் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் முடிக்கிறோம். மழை மாதங்களில் விடுமுறை எப்போது வரும் என்று தெரியாது, தை அறுவடையில் வீட்டு வேலை இருக்கும்.

பிளஸ் ஒன்னுக்கும் இதை நீட்டியிருக்கிறோம். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவுகிற பழக்கம் பல இடங்களில் இருந்ததால்தான் 2017-18-இல் அதற்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-இலிருந்து அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து கேள்வி வருவது குறையவில்லை.

வணிகவியல் பிரிவுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது, அதை நாங்கள் தொடவில்லை. முதல் அணியே இப்போதுதான் பிளஸ் டூவில் இருக்கிறது, அதனால் எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள் என்று காட்ட என்னிடம் பட்டியல் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டு பயந்தவர்களில் பலர் முதல் குரூப் கேட்டு வாங்கினார்கள் என்பதுவரை கண்ணால் பார்த்தது.

இந்த வருஷம் இயற்பியல் ஆசிரியரும் மாறுதலுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குக் கிடைக்கட்டும். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த ஊர்ப் பெண்கள் இருவர், இப்போதிருந்தே காலை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெரிய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.