ஆற்றங்கரை மரீனாவுக்கு முதல் பெரிய இயந்திரம்: டிராவல் லிஃப்டா, ஃபோர்க்லிஃப்டா, சாய்தளமும் டிரெய்லருமா?

மரீனாவுக்கு, அதாவது படகுகளை நிறுத்திப் பராமரிக்கும் துறைக்கு, படகைத் தண்ணீரிலிருந்து தூக்க இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை டன் தூக்கும்?’ என்றுதான். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஆற்றின் நீர்மட்டம். வறண்ட மாதங்களில் எவ்வளவு இறங்குகிறது, வெள்ளத்தில் எவ்வளவு ஏறுகிறது? கடலோரத்தில் சில மணி நேரம் பொறுத்தால் ஓதம் திரும்பிவிடும். ஆறு இறங்கினால் மாதக்கணக்கில் இறங்கியே கிடக்கும். அத்தனை நாளும் இயந்திரம் சும்மா நின்றாலும் தவணை நிற்காது.

டிராவல் லிஃப்ட்தான் எல்லோருக்கும் கனவு. நான்கு கால், நான்கு சக்கரம், நடுவே தொங்கும் இரண்டு பெல்ட். தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய இரண்டு கான்கிரீட் பாதைகளின் மேல் அது உருண்டு போய் நிற்கும், நடுவிலுள்ள இடைவெளியில் படகு நுழையும். பெல்ட் போடுவதில்தான் வேலையே இருக்கிறது. புரொப்பல்லர் தண்டு, சுக்கான், அடிப்பக்கத்தில் துருத்தும் ஆழமானிக் கருவி இவற்றில் எதன் மேலும் பெல்ட் உட்காரக் கூடாது. அதனால்தான் பல படகுகளின் பக்கவாட்டில் பெல்ட் வர வேண்டிய இடத்தில் அடையாளம் ஒட்டியிருப்பார்கள். எடை சமமாகும்வரை ஓர் அடி தூக்கி, இறக்கி, நகர்த்தி, மறுபடி தூக்குவார்கள். பழகிய ஆள் கையில் இது மிகப் பாதுகாப்பான முறை. கனமான படகுகளுக்கும், ஆழமான அடிக்கட்டை உள்ள பாய்மரப் படகுகளுக்கும் இதற்கு நிகரில்லை.

ஆனால் இயந்திரத்தின் விலை பாதிக் கணக்குதான். 20 டன் படகு, 16 டன் எடையுள்ள லிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 டன், சக்கரத்துக்குச் சராசரி 9 டன். படகின் எஞ்சின் பெரும்பாலும் பின்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கச் சக்கரங்களுக்கு அதைவிடக் கூடுதல். இதைத் தாங்க பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கி பாதை கட்ட வேண்டும், யார்டு (படகுகளை நிறுத்தி வைக்கும் வளாகம்) முழுக்கத் தரையையும் பலப்படுத்த வேண்டும். ஒருமுறை கட்டிய பாதையின் உயரத்தை மாற்றவும் முடியாது. தண்ணீர் 3 மீட்டர் இறங்கினால் பெல்ட் 3 மீட்டர் கூடுதலாக இறங்கியாக வேண்டும். பெல்ட்டைத் தொங்கவிடும் கம்பிவடம் அத்தனை நீளம் டிரம்மில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

சாய்தளமும் ஹைட்ராலிக் டிரெய்லரும் பார்வைக்கு எளிமையாக இருப்பதால் பலர் மதிப்பதில்லை. எனக்கோ ஆற்றுக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. தண்ணீர் எங்கே போனாலும் டிரெய்லர் பின்னாலேயே இறங்கிப் போகும். படகின் அடியில் நுழைந்து, பக்கவாட்டுத் தாங்கிகளை ஹைட்ராலிக்கில் உயர்த்தி, அணைத்துப் பிடித்து மேலேற்றும். குறுகிய யார்டிலும் திரும்பும். 7 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று கட்டினால், 3 மீட்டர் ஏற்ற இறக்கத்துக்கு 21 மீட்டர் நீளம் கூடுதலாக வேண்டும். அது கான்கிரீட் செலவுதான், ஆனால் ஒரே முறை. குறைகளும் உண்டு. வெள்ளம் வடிந்ததும் சரிவின் கீழ்ப்பகுதியில் வண்டல் படியும். அதைக் கழுவித் தள்ளாவிட்டால் டிரெய்லரை இழுக்கும் டிராக்டர் வழுக்கும். சக்கர பேரிங்குகளுக்குள் சேறு போகும், கிரீஸ் போடுவதில் சோம்பல் கூடாது. ஆழமான அடிக்கட்டை உள்ள படகுக்கு சரிவின் அடியில் அந்த அளவுக்குத் தண்ணீர் வேண்டும்.

மரீனா ஃபோர்க்லிஃப்ட் கிடங்கில் ஓடுவது போன்றதல்ல. படகைத் தாங்கும் அதன் முள்கள் (முன்னால் நீட்டிய இரண்டு கைகள்) தரைமட்டத்துக்குக் கீழேயும் இறங்கும். சிறிய விசைப்படகுகளை ரேக்கில் மூன்று, நான்கு அடுக்காக அடுக்கலாம் என்பதால், நிலம் குறைவாக உள்ள இடத்தில் அள்ளித் தரும் தொழில் இது. ஆனால் கரை தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே, படகின் அமிழ்வு 80 சென்டிமீட்டர் என்றால் முள்கள் ஏறக்குறைய 3 மீட்டர் இறங்க வேண்டும். ஆறு இன்னும் ஒன்றரை மீட்டர் இறங்கினால் நான்கரை மீட்டர். இறங்கும் அளவுக்கு எந்த மாடலுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆகவே தடுப்பணைகளுக்கு இடையே நீர்மட்டம் நிலையாக இருக்கும் ஆறென்றால் ஃபோர்க்லிஃப்ட், இல்லையென்றால் வேண்டாம்.

கிரேனை வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். 50 டன் கிரேன் 50 டன் தூக்குவது சுமை அதன் மிக அருகில் இருக்கும்போதுதான். கரை விளிம்பிலிருந்து தள்ளி நிற்கும் கிரேனுக்குப் படகின் நடுப்பகுதி சுலபமாக 10 மீட்டர் தூரத்தில் வந்துவிடும். அங்கே திறன் வெகுவாகச் சரியும். தூரத்துக்குரிய திறன் அட்டவணையைப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பெல்ட்கள் படகின் பக்கங்களை நெரிக்காமல் இருக்க ஸ்ப்ரெடர் கம்பியும் கட்டாயம். தூர்வாருவதும் பைல் இறக்குவதும் இதே கதைதான்: எப்போதாவது வரும் வேலைக்கு மிதவையும் எக்ஸ்கவேட்டரும் வாங்கி நிறுத்துவது வீண்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் வரிசை இது: முதலில் நல்ல நீளமான சாய்தளமும் ஒரு ஹைட்ராலிக் டிரெய்லரும், கனமான படகு வரும் நாளில் வாடகைக் கிரேன். அந்த வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ஆண்டு வாடகை டிராவல் லிஃப்டின் தவணையையும் பைல் செலவையும் எட்டும்போது லிஃப்ட் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அப்போது செகண்ட் ஹேண்ட் பார்த்தால், உப்புத் தண்ணீரில் ஓடியதா என்று கேட்டுவிட்டு, வெல்டிங் இணைப்புகளில் பெயின்ட் புதிதாக இருக்கும் இடங்களைச் சுரண்டிப் பாருங்கள். பெல்ட் லேபிள், கம்பிவடம், லோடு டெஸ்ட் சான்றிதழ் மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.