5 கிலோ ‘சோட்டு’ சிலிண்டர்: ஒன்றரை வருடம் சமைத்த பிறகு

2023 ஜூலையில் நானும் என்னோடு எம்.ஏ. படிக்கும் தோழியும் வேளச்சேரியில் வீடு எடுத்தோம். சேப்பாக்கம் வளாகத்துக்குப் பறக்கும் ரயிலில் நேராகப் போய்விடலாம் என்பதுதான் வேளச்சேரிக்கு வந்த காரணம். இரண்டாவது மாடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு ஆள் நின்றால் நிரம்பிவிடும் சமையலறை. மூன்று வருடம் ஹாஸ்டல் சாம்பார் சாப்பிட்டவளுக்கு அந்தச் சமையலறையே போதும் என்று இருந்தது. மன்னார்குடியிலிருந்து அம்மா ஒரு மூட்டை பாத்திரம் கட்டிக் கொடுத்திருந்தார், அலுமினியக் குக்கர், இட்லிக் கொப்பரை, பாட்டியின் ஈயச் சொம்பு. கூடவே நல்ல நாளும் பார்த்துச் சொல்லியிருந்தார், வியாழக்கிழமை காலை பால் காய்ச்சிவிட வேண்டும் என்று. பால் பாக்கெட்டும் சர்க்கரையும் வாங்கி வைத்த பிறகுதான் அடுப்பே இல்லை என்பது உறைத்தது. எதிர் வீட்டு அக்கா தன் அடுப்பில் காய்ச்சித் தருகிறேன் என்றார். போனில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் பொங்க வேண்டிய பால் அவர்கள் வீட்டில் பொங்கி என்ன பயன், வேறு நாள் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

சரி, என்ன வழி இருக்கிறது என்று பார்த்தோம். எல்லோரும் முதலில் சொன்னது இண்டக்‌ஷன் அடுப்பு. எங்கள் வீட்டில் தனி சப் மீட்டர், வீட்டுக்கார அம்மா யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் எங்கள் கைக்கு வந்து சேராது. அதை விடப் பெரிய சிக்கல், அம்மா கொடுத்த குக்கரும் ஈயச் சொம்பும் அதில் சூடே ஆகாது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு கண்டுகொள்வதில்லை. 14.2 கிலோ சிலிண்டருக்கு இணைப்பு வாங்கலாம் என்று போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா வாடகை ஒப்பந்தம் எழுதித் தரத் தயாராக இல்லை, கெஞ்சியும் பார்த்தாயிற்று.

அப்போதுதான் ஒரு தப்புச் செய்தோம், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தெருவோரக் கடை ஒன்றில் குட்டி சிலிண்டரும் ஒற்றை பர்னர் அடுப்பும் சேர்த்து மலிவாகக் கிடைத்தது. சிலிண்டர் மேல் எந்தக் கம்பெனி பெயரும் இல்லை, ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. தீர்ந்தால் கொண்டு வாங்க, கிலோக் கணக்கில் பிடித்துத் தருகிறோம் என்றார் கடைக்காரர். பெரிய சிலிண்டரிலிருந்து குழாய் வைத்துச் சின்னதற்கு மாற்றுவதுதான் அந்தப் ‘பிடித்துத் தருவது’. அது சட்டப்படி குற்றம் என்பதோ, எவ்வளவு நிரப்ப வேண்டும் என்ற அளவே இல்லாமல் நிரப்புகிறார்கள் என்பதோ அன்று எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் நாள் ராத்திரி தோழி தண்ணீர் குடிக்க எழுந்தாள், வீடு முழுக்க அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். நல்லவேளை அவள் லைட்டைப் போடவில்லை. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சிலிண்டரை மெதுவாகத் தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டு, விடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் கடையில் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பணம் போனது போகட்டும், அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. தனியாக வீடு எடுத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதே மாதிரி சிலிண்டரைத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

எதிர் வீட்டு அக்காவின் கணவர்தான் ‘சோட்டு’ பற்றிச் சொன்னார். இண்டேன் விற்கும் 5 கிலோ சிலிண்டர் அது, 2020 டிசம்பரிலிருந்து இந்தப் பெயர். முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. நான் ஆதார் நகல் ஒன்று கொடுத்தேன், அரை மணி நேரத்தில் சிலிண்டர், ரெகுலேட்டர், பில் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. முதல் தடவை சிலிண்டருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும், அப்புறம் காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம்.

கடையிலிருந்து தூக்கி வருவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். கைப்பிடி வளையத்தின் கீழ் பட்டைகளில் ஒன்றில் சி-27 என்பது போல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். எண் வருடம். அந்தத் தேதிக்குள் சிலிண்டரை மறுபடி சோதனை செய்ய வேண்டும் என்று அர்த்தம், தேதி தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். காலி எடையும் அங்கேயே எழுதியிருக்கும், அதோடு 5 கிலோ சேர்த்தால் தராசு காட்ட வேண்டிய கணக்கு. எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ரெகுலேட்டரையும் அங்கேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். வீட்டில் யாரோ கொடுத்த பழைய ரெகுலேட்டர் பொருந்தாமல் போகலாம். ஹோஸ் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப் வாங்கினோம், அது ஐந்து வருடம் வரும். கொண்டுபோக ஆட்டோ பிடித்தோம். ரயிலில் சிலிண்டர் ஏற்றக் கூடாது, காலியாக இருந்தாலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் பொங்கியது. அம்மா வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது உபயோகம். இரண்டு பேருக்கு, காலையில் இட்லியோ உப்புமாவோ, ராத்திரி சாதமும் ஒரு குழம்பும், நடுவில் இரண்டு தடவை டீ. எங்களுக்கு ஒரு சிலிண்டர் 25 நாள் சுமாராக வருகிறது, பரீட்சை மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூட. பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுவது, சாதம் கொதித்ததும் தீயைக் குறைப்பது என்று பழகிய பிறகு இந்தக் கணக்கு, முதல் மாதம் 18 நாளில் தீர்ந்தது. தீ அம்மா வீட்டு அடுப்பு மாதிரியே நீலமாக எரிகிறது. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோம், கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்கிறோம். அதெல்லாம் வேண்டும் என்றுதானே வீடு எடுத்தது. நிரம்பிய சிலிண்டரை இரண்டு மாடி நான் ஒருத்தியே தூக்கிவிடுகிறேன். எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும், அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்க வேண்டும். இந்த கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். மாட்டியதும் சோப்பு நுரை தடவி முட்டை விடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். கசிவுக்கு உதவி எண் 1906, அதைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைச் சொல்லாமல் விட முடியாது. திங்கள்கிழமை காலை போன கரண்ட் எங்கள் தெருவுக்கு வியாழக்கிழமைதான் வந்தது. தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், கீழ் வீட்டுக்காரர்களின் பெரிய சிலிண்டர் சாய்ந்து மிதந்ததை மாடியிலிருந்து பார்த்தோம். அவர்கள் நான்கு பேரும் ஒரு பாட்டியும் எங்கள் ஹாலில்தான் தங்கினார்கள். எங்கள் தெருவில் இண்டக்‌ஷனை நம்பியிருந்த வீடுகளிலெல்லாம் பிஸ்கட்தான். எங்களிடம் முந்தின வாரம் மாற்றிய சிலிண்டர் இருந்தது. ஏழு பேருக்கு மூன்று நாள் கஞ்சியும் பருப்புத் துவையலும், பாட்டிக்கு வெந்நீரும் அந்த 5 கிலோவில் முடிந்தது. பாட்டி மாத்திரை போட வெந்நீர் கேட்கும்போதெல்லாம் சிலிண்டரைத் தொட்டுக் கும்பிடுவார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விலைதான் முதல் குறை. இதற்கு மானியம் கிடையாது, வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் இதற்கு 18. கிலோக் கணக்குப் போட்டால் வீட்டு சிலிண்டரை விட நன்றாகவே அதிகம். வாடகை ஒப்பந்தம் கையில் இருப்பவர்கள் நேராகப் பெரிய இணைப்பே வாங்குங்கள், அதுதான் லாபம். இரண்டாவது, நாங்கள் வாங்கும் கடையில் சில நாள் ஸ்டாக் இருக்காது. ஒருமுறை காலி சிலிண்டரோடு மூன்று நாள் அலைந்து, கடைசியில் தயிர் சாதம் பார்சல் வாங்கிச் சாப்பிட்டோம். அப்புறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் முள் எதுவும் இதில் இல்லை. பழைய பேப்பர் கடை அண்ணனிடம் தராசு கேட்டு எடை போட்டுக் கழித்துப் பார்ப்பதுதான் எங்கள் முறை, அவரும் சலித்துக்கொள்ளாமல் போட்டுத் தருகிறார்.

போன மாதம் பணம் சேர்த்து இரண்டாவது சிலிண்டர் ஒன்று வாங்கிவிட்டோம். ஒன்று தீர்ந்த ராத்திரியே இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம், காலியை அந்த வாரத்தில் எப்போதாவது மாற்றினால் போதும். இரண்டு பில்லும் பத்திரமாக ஃபைலில் இருக்கின்றன. மே மாதம் வீட்டைக் காலி செய்யும்போது சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு, முதலில் பில்லோடு வாம்மா என்றார் ஏஜென்சி அண்ணன்.