பிஎச்பியில் பல வேலை ஒரே நேரத்தில்: ஃபோர்க்கா, பாரலலா, வரிசையா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு நெல் கொள்வனவு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலபோக அறுவடை தை, மாசியில் ஒரேயடியாக வந்து குவியும். பகல் முழுக்க மூடைகளை நிறுத்துப் பதிவார்கள். பின்னேரம் நெல் கொடுத்த ஒவ்வொருவருக்கும் பிடிஎஃப் பற்றுச்சீட்டு தயாராகவேண்டும், எவ்வளவு காசு வரும் என்று எஸ்எம்எஸ் போகவேண்டும். பிஎச்பி மொழியில் முதலில் எழுதியது ஒரே ஒரு ஃபோரீச் சுற்று, ஒருவருடையது முடிந்த பிறகுதான் அடுத்தவருடையது. 300 பேர் சேர்ந்த அன்று அது முடிய இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது, கணக்கு அக்கா வீட்டுக்குப் போகாமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் வேலையைப் பிரித்து ஓட்ட வழி தேடினேன். ஃபோர்க், பாரலல், வரிசை என்று மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்து, ஒன்றில் நின்றுவிட்டேன்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பதில் வரும்வரை காத்திருப்பது வேறு, செயலி உண்மையாகக் கணக்குப் போடுவது வேறு. எஸ்எம்எஸ் அனுப்புவது காத்திருப்பு. அதற்கு கேர்ல் மல்டி போதும், ஒரே புரோசஸிலேயே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரலிலேயே, பத்து இணையக் கோரிக்கையை ஒன்றாக விடலாம். பிஎச்பி 8.1 உடன் வந்த ஃபைபரும் இந்த வகைதான்: வேலைகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுக்கும், இரண்டு ஒரே கணத்தில் ஓடாது. பிடிஎஃப் உருவாக்குவது கணக்கு வேலை. அதைச் செயலியின் நான்கு கோரில் பரப்ப வேண்டுமென்றால் தனிப் புரோசஸ் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே புரோசஸுக்குள் ஒன்றாக ஓடும் த்ரெட் வேண்டும்.

ஃபோர்க்கில்தான் தொடங்கினேன். பிசிஎன்டிஎல் ஃபோர்க்கைக் கூப்பிட்டால் ஓடுகிற நிரல் இரண்டாகும். தாய்க்குப் பிள்ளையின் எண் கிடைக்கும், பிள்ளைக்குப் பூச்சியம். நினைவகத்தை உடனே முழுதாகப் படியெடுக்காது, இரண்டில் ஒன்று எழுதினால்தான் நினைவகத்தின் அந்தத் துண்டு பிரியும்; அதனால் வேகம். வின்டோஸில் கிடையாது, வெப் சேர்வருக்குள்ளே பாவிக்கவும் கூடாது, கமாண்ட் லைனில் மட்டும்தான். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. என்னைக் கடித்தது டேட்டாபேஸ் இணைப்பு. ஃபோர்க் செய்யுமுன் திறந்த இணைப்பைத் தாயும் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளும். பிள்ளை வேலை முடித்து வெளியேறும்போது இணைப்பையும் மூடிவிட்டுப் போகும், தாய்க்கு ‘சேர்வர் போய்விட்டது’ என்று பிழை வரும். ஃபோர்க்குக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே இணையவேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது.

பாரலல் என்கிற பிஎச்பி எக்ஸ்டென்ஷனை ஒரு வார இறுதி மட்டும் ஓட்டிப் பார்த்தேன், ஆகவே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பழைய த்ரெட் எக்ஸ்டென்ஷனான பிதிரெட்ஸை எழுதிய ஜோ வாட்கின்ஸ்தான் இதையும் எழுதினார். ரன்டைம் ஒன்றை உருவாக்கி அதற்கு ஒரு குளோஷரை, அதாவது பெயரில்லாத ஒரு ஃபங்ஷனை, கொடுத்தால் தனி த்ரெட்டில் ஓடும், சேனல் வழியாகத் தரவு பரிமாறலாம். எழுத மிக அழகாக இருக்கிறது. ஆனால் த்ரெட்டுக்குப் பாதுகாப்பான ஸீடிஎஸ் வகைப் பிஎச்பி வேண்டும். உபுண்டுவில் ஆப்ட் என்ற நிறுவி மூலம் வருவது அந்த வகை இல்லை. டொக்கர் வைத்திருந்தால் ஸீடிஎஸ் படிமம் கிடைக்கும், இல்லாவிட்டால் நாமே கம்பைல் செய்யவேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் திரும்பவும். ஒரு பெரிய கணக்கைத் துண்டுபோட்டு, விடையை உடனே ஒன்றுசேர்க்க வேண்டியவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நான் நிலைத்தது வரிசையில். வேலைகளை மரியாடிபி டேட்டாபேஸில் ஒரு அட்டவணையில் எழுதிவைக்கிறேன். நான்கு வேர்க்கர்கள், அதாவது நான்கு சாதாரணப் பிஎச்பி புரோசஸ்கள், அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கின்றன. இருவர் ஒரே வேலையில் கை வைக்காமல் இருக்க ‘செலக்ட் ஃபோர் அப்டேட் ஸ்கிப் லாக்ட்’: பூட்டியிருக்கும் வரியைத் தாண்டி அடுத்ததை எடுக்கும். மரியாடிபி 10.6, மைஎஸ்கியூஎல் 8 முதல் இது உண்டு. ரெடிஸ் போன்ற தனிச் சேர்வர் தேவையில்லை, எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. வேகத்தில் ஃபோர்க்குக்கும் இதற்கும் எங்கள் அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேகம் இல்லை, கரண்ட்.

நான் இருப்பது வவுனியாவில். சங்கத்துக்குப் போவதென்றால் ஏ9 வீதியில் மாங்குளம் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் இன்னொன்று. ஒரு நாள் வேலை அதிலேயே போய்விடும். ஃபோர்க்கில் ஓட்டிய காலத்தில் ஒரு பின்னேரம் எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றது, யூபிஎஸ்ஸும் தாக்குப்பிடிக்கவில்லை. யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பது அந்தப் புரோசஸின் நினைவில்தான் இருந்தது, அதோடு அழிந்தது. கரண்ட் வந்ததும் அக்கா திரும்ப முதலிலிருந்து ஓட்டினார். வேறென்ன செய்வார்? அடுத்த நாள் ஒரு ஐயா போனைக் கையில் பிடித்தபடி வந்தாராம்: “பிள்ளை, ரெண்டு மெசேஜ் வந்து கிடக்கு. ரெண்டு தரம் காசு போட்டிருக்கிறியளோ?” உரத்துக் கடன் கட்ட அந்தக் காசை எதிர்பார்த்திருந்த மனிதர். அவருக்கு விளக்கம் சொல்லும் நிலையில் அக்காவை விட்டது என் நிரல். அதை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.

வரிசையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலை உண்டு: காத்திருக்கிறது, எடுக்கப்பட்டது, முடிந்தது. வேர்க்கர் முதலில் ‘எடுக்கப்பட்டது’ என்று எழுதி கமிட் செய்யும், அதாவது டேட்டாபேஸில் நிலைக்க வைக்கும், பிறகுதான் வேலையைத் தொடும். கரண்ட் போனால் நடுவில் அகப்படுவது அதிகபட்சம் நான்கு வரிகள், ஏனென்றால் வேர்க்கர்கள் நான்குதான். அகப்பட்டது பிடிஎஃப் என்றால் யோசிக்காமல் திரும்பச் செய்யலாம், பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்படும். எஸ்எம்எஸ் அப்படியில்லை. போயிருக்கவும் கூடும், போகாமல் இருக்கவும் கூடும். அதை நிரல் ஊகிக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். அந்த வரிகள் அக்காவின் திரையில் மஞ்சளாகத் தெரியும். பக்கத்தில் ‘திரும்ப அனுப்பு’, ‘போய்விட்டது’ என்று இரண்டு பொத்தான்.

வேர்க்கர்களை எழுப்பிவிடுவது லினக்ஸில் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி. கணனி ஏறியதும் நான்கும் தாமாக ஏறும், ஒன்று செத்தால் ஐந்து விநாடியில் திரும்ப வரும். இதை வைத்தே நினைவகக் கசிவையும் சமாளிக்கிறேன்: 500 வேலை முடித்ததும் வேர்க்கர் தானே வெளியேறும், சிஸ்டம்டி புதிதாக ஒன்றை எழுப்பும். எங்கே கசிகிறது என்று தேடி இரவைக் கழிக்கத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. நீண்ட நேரம் ஓடும் புரோசஸ் தொடங்கியபோது இருந்த நிரலையே பிடித்துக்கொண்டிருக்கும். விலையைக் கணக்கிடும் இடத்தில் ஒரு திருத்தம் போட்டுவிட்டு வேர்க்கர்களை மறுதொடக்கம் செய்ய மறந்தேன். திரையில் புதிய கணக்கு, பற்றுச்சீட்டில் பழைய கணக்கு. இப்போது கோப்புகளை ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியே மறுதொடக்கம்தான். இன்னொன்று, விடை உடனே வேண்டிய வேலைக்கு வரிசை பொருந்தாது. உலாவியில் ஒருவர் காத்திருக்கும்போது ஐந்து இடத்திலிருந்து தகவல் எடுக்கவேண்டுமென்றால் அங்கே கேர்ல் மல்டிதான் போடுவேன். நாளுக்கு இலட்சக்கணக்கில் வேலை வந்தால் அட்டவணை தாங்குமா என்பதற்கு என் அனுபவம் போதாது. நான் ஓட்டியது நூற்றுக்கணக்கில்.

போன மாசியில் திரும்பவும் கரண்ட் நின்றது, எஸ்எம்எஸ் பாதி போயிருந்த நேரம். அக்கா என்னைக் கூப்பிடவில்லை. கரண்ட் வந்ததும் கணனியைப் போட்டார், மீதி தானாக ஓடியது, இரண்டு வரி மஞ்சளாக நின்றது. இரண்டு பேருக்கும் போன் எடுத்துக் கேட்டார். ஒருவருக்கு வந்திருந்தது, மற்றவருக்கு வரவில்லை. உரிய பொத்தான்களை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததே மூன்று நாள் கழித்து, வேறு விடயமாகப் பேசும்போது.