எருக்குழியா, மண்புழுத் தொட்டியா? ஒரு தென்னந்தோப்புக் கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு 60 தென்னை, இரண்டு மாடு. சாணத்தையும் கூளத்தையும் எருக்குழியில் கொட்டிவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை வெட்டியெடுத்து மரத்துக்குப் போடுவது தாத்தா காலத்துப் பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் குழியை மூடிவிட்டு மண்புழுத் தொட்டி கட்டினேன். இரண்டையும் செய்து பார்த்ததில் என் மனம் தொட்டிப் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பார்த்தால் குழிதான் மேல்; மண்வெட்டி இருந்தால் போதும். தொட்டிக்கு ஹாலோபிளாக், சிமெண்ட், மேலே கீற்றுக் கொட்டகை, முதல் தடவை புழு என்று கைக்காசு போகும். சத்தைப் பார்த்தால் தொட்டி மேல். குழியில் மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவில் நிற்கும். மண்புழு உரத்தில் ஒன்று, ஒன்றரை சதவீதம் வரும், நாம் போடும் தீனியைப் பொறுத்துக் கூடும் குறையும். இதெல்லாம் விவசாயிகளுக்குத் தெரிந்த கதைதான்.

நான் மாறியதற்குக் காரணம் வேறு. தென்னங்குருத்தைத் துளைத்துத் தின்னும் காண்டாமிருக வண்டு.

குருத்து விரிந்தால் ஓலை கத்தரியால் நறுக்கியது மாதிரி இருக்கும். கொக்கிக் கம்பி விட்டு வண்டை எடுத்தோம். வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் வைத்தோம். குறைகிற மாதிரி இருக்கும், மறுபடி வரும். ஒருநாள் தேங்காய் பறிக்க வந்தவர் மரத்திலிருந்து இறங்கியதும் சொன்னார்: "வெளியே எங்கயும் தேட வேண்டாங்க, உங்க குழியிலதானுங்க வளருது." அன்று சாயங்காலமே குழியின் ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். ஓர் அடி ஆழத்தில், கட்டைவிரல் பருமனில், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழுக்கள். ஒரு கூடை எருவில் பதினேழு எண்ணினேன். மரத்துக்குச் சோறு போடுவதாக நினைத்து, அதன் குருத்தைத் தின்பதை நானே வளர்த்திருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இங்கே நாள் கணக்குதான் எல்லாம். வண்டு, மக்கும் சாணத்தில் முட்டை இடுகிறது. பொரித்து வரும் புழு சுமார் 100 நாளிலிருந்து 180 நாள் வரை புழுவாகவே அந்த எருவைத் தின்று வளர்கிறது. பிறகுதான் கூட்டுப்புழு, வண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வெட்டும் குழியில் அதற்கு வேண்டிய அவகாசம் தாராளமாகக் கிடைக்கிறது. தொட்டியிலோ சாணமும் கூளமும் 60 நாளில் உரமாகிவிடும், தென்னை ஓலை சேர்த்தால் 75 முதல் 90 நாள். வண்டுப் புழு முற்றுவதற்குள் உரத்தை அள்ளிவிடுகிறோம். தொட்டியில் அது வரவே வராது என்று சொல்லமாட்டேன். சாணத்தை ஆறவைக்கும் நாட்களிலேயே முட்டை இட்டுவிடுகிறது. ஆனால் உரத்தைக் கையால் உதிர்த்துச் சலிக்கும்போது சின்னதாகவே அகப்பட்டுவிடும். கோழிகளுக்கு நல்ல தீனி.

இந்த வேகம் மண்புழுவுக்கு எப்படி வருகிறது என்றால், அதற்குப் பல் கிடையாது. மக்கத் தொடங்கியதை மண் துகளோடு சேர்த்து விழுங்கி, தசை கெட்டியான அரைவைப்பையில் அரைக்கிறது. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீதி வேலையைப் பார்க்கின்றன. வெளியே வருவது டீத்தூள் மாதிரிக் குருணை. செடி எடுத்துக்கொள்ளும் பதத்தில் சத்து இருக்கும். பச்சைச் சாணத்தை அப்படியே போடக்கூடாது, சூட்டில் மண்புழு செத்துப்போகும். பதினைந்து இருபது நாள் ஆறவைத்த சாணம் வேண்டும்.

ஓலை விஷயத்தில் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறையைத்தான் பிடித்துக்கொண்டேன்: எடையில் பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணம், யூட்ரிலஸ் இன மண்புழு. மட்டையின் கனத்த அடியை வெட்டிவிட்டு ஓலையை நனைத்து வாடவைக்கிறேன். முன்பு எரித்துத் தள்ளியது இப்போது மரத்தடிக்கே திரும்பிப் போகிறது.

பாடு என்று பார்த்தால் தொட்டிதான் அதிகம். மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. ஈரம் காய்ந்தால் சாகும், தண்ணீர் தேங்கினாலும் சாகும். சித்திரை வெயிலில் காலை மாலை இரண்டு வேளையும் தொட்டியை மூடிய சாக்கை நனைக்க வேண்டும். முதல் கோடையில் கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தபோது பாதிப் புழு போய்விட்டது. எறும்புக்காகச் சுற்றிலும் தண்ணீர் வாய்க்கால், பெருச்சாளிக்கும் செம்போத்துக்கும் மேலே கம்பிவலை. வீட்டில் தினமும் ஆள் இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் அத்தனை சாணத்தையும் தொட்டியில் போட்டு மாளாது. அவர்களுக்குக் குழிதான் வழி.

இப்போது எங்கள் தோப்பில் வெட்டுப்பட்ட ஓலை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வேப்பங்கொட்டைத் தூளையும் நிறுத்தவில்லை என்பதால் முழுப் பெருமையையும் தொட்டிக்குக் கொடுக்க முடியவில்லை. வண்டு பறந்து வருவது. பக்கத்துத் தோப்பில் குழி திறந்திருக்கும் வரை எங்களுக்கும் வரத்தான் செய்யும். காய்ப்பு கூடியதா என்று கேட்கிறார்கள். தென்னைக்கு மூன்று வருஷம் போதாது, அதனால் அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

குழியை விட முடியாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதை அடிவரை புரட்டி வண்டுப் புழுவைப் பொறுக்குங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் வேளாண் துறையிலும் உயிர் உரக் கடைகளிலும் கிடைக்கும். தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றினால் புழுவுக்கு நோய் வந்து சாகும். குழி ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள், காய்ந்த எருவில் அது பிடிக்காது.